பழைய பேஸ்பால் அஞ்சலட்டை உண்மையிலேயே அரியதா?

அமெரிக்கப் பேஸ்பால் அஞ்சலட்டைகளைச் சேகரிப்போர், பழையது என்பதனாலேயே ஓர் அட்டையை அரியது என்று முடிவுசெய்யாமல், முதலில் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முகவரிக்கும் செய்திக்கும் இடையே கோடு போட்டுப் பிரித்த பின்புறம் அமெரிக்காவில் 1907 மார்ச்சில்தான் அனுமதிக்கப்பட்டது. ஆகவே அத்தகைய அட்டையை 1905ஆம் ஆண்டுக்குரியது என்று விற்பவர் கூறினால் ஐயப்படுவது நல்லது.

அடுத்ததாக, அச்சிட்டதா, புகைப்படத்தாளில் நேரடியாகக் கழுவி எடுத்ததா என்பதை உருப்பெருக்கியால் பாருங்கள். சீரான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு, ஆயிரக்கணக்கில் வெளிவந்திருக்கலாம். புள்ளியே இல்லாமல் நிழல்கள் இழைந்து கலந்திருந்தால் அது புகைப்பட அட்டை. சிற்றூர் அணியொன்றை உள்ளூர்ப் புகைப்படக்காரர் எடுத்த அட்டைகள் ஒரு சில பிரதிகளே உருவாகியிருக்கக்கூடும் என்பதால், என் கணிப்பில் கவனத்துக்கு முதலில் உரியவை இவையே. தபால்தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றி 'ஏஸோ' (AZO) என்ற புகைப்படத்தாள் வகையின் பெயரும் மேல்நோக்கிய நான்கு முக்கோணங்களும் இருந்தால், அந்தத் தாள் பொதுவாக 1904 முதல் 1918 வரையிலான காலத்தது எனக் கொள்வர்.

புறஊதா விளக்கில் தாள் பளீரென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால், அது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மறுபதிப்பாகும்.

அட்டைகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் நிறுவனங்கள், ஒவ்வோர் அட்டையிலும் எத்தனை பிரதிகள் தம்மிடம் வந்தன என்று காட்டும் எண்ணிக்கைப் பட்டியல் உதவும். ஆயினும், சான்றுக்கு வராத அட்டைகள் அதில் இரா, ஒரே அட்டை மீண்டும் அனுப்பப்பட்டு இருமுறை எண்ணப்பட்டிருக்கவும் கூடும். எனவே பழைய ஏல முடிவுகளில் அந்த அட்டை எத்தனை முறை தலைகாட்டியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.