மே மாசம் ஊர் சுற்றல், ஜூன் மாசம் ஸ்கூல் சாமான்: சின்னப் பெண் குழந்தைகளோடு கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழுப் பரீட்சை முடிந்த அன்றைக்கே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும், லீவுக்கு எங்கே போகலாம் என்று. பெரியவர்கள் உட்கார்ந்து இடத்தை முடிவு செய்வார்கள், வண்டி பேசுவார்கள், ரூம் போடுவார்கள். அஞ்சு வயசும் எட்டு வயசுமாக இருக்கிற இரண்டு பெண்கள் எவ்வளவு தூரம் நடப்பார்கள், எத்தனை மணிக்குப் பசிக்கும், வழியில் எங்கே பாத்ரூம் போவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. லீவு முடிகிற நேரத்தில் ஷூவும் பையும் வாங்கப் போகும்போதும் இதே கதைதான். நான் பார்த்த வரையில் முக்கால்வாசித் தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. பிள்ளையின் காலையும் கையையும் வயிற்றையும் அளவாக வைக்காமல் நம் அளவில் திட்டம் போட்டுவிடுகிறோம்.

முதலில் இடம். கோடை லீவு என்பதற்காக எல்லா இடமும் கோடைக்கு ஏற்றதாகிவிடாது. வேடந்தாங்கலில் பறவை பார்க்க வேண்டுமானால் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் நேரம், மே மாசம் போனால் ஏரியில் தண்ணீரும் குறைந்திருக்கும், பறவைகளும் கிளம்பியிருக்கும், பிள்ளை கரையில் நின்று "எங்கம்மா கொக்கு?" என்று கேட்கும். குற்றாலமும் அப்படித்தான். தென்மேற்குப் பருவக்காற்று இறங்கி ஜூனில் சாரல் விழ ஆரம்பித்தால்தான் சீசன், அதற்கு முன்னால் போகிறவர்கள் பல வருஷங்களில் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வார விடுமுறை விஷயத்தையும் கவனியுங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை. லீவு சமயத்தில் சில நேரம் இது மாறும், அதனால் கிளம்பும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த ஐஸ்கிரீமைத் தவிர வேறு வழி கிடையாது.

அடுத்தது நேரம். மே 4 வாக்கில் கத்திரி ஆரம்பித்து மாசக் கடைசி வரை இருக்கும். அந்த நாட்களில் பகல் பதினொன்றிலிருந்து நாலு வரைக்கும் பிள்ளைகளை வெட்டவெளியில் நிறுத்தவே கூடாது. ஆனால் நம் ஆட்கள் செய்வது என்ன? ஒன்பது மணிக்கு எழுந்து, இட்லி அவித்து, எல்லோரும் குளித்துக் கிளம்புவதற்குள் பதினொன்றாகிவிடும், மாமல்லபுரம் போய்ச் சேரும்போது உச்சி வெயில், கற்கோயிலைச் சுற்றிக் கால் வைக்க முடியாத அளவுக்குத் தரை கொதிக்கும். அங்கே நினைவுச் சின்னங்களைக் காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஆறரைக்கு உள்ளே போனால் ஒன்பதுக்குள் ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில் மூன்றையும் பார்த்துவிட்டு, வெயில் ஏறும்போது நுங்கு வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிடலாம். பகல் பொழுதுக்கு வேறு இடம் இருக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. காசு கிடையாது, குளுகுளுவென்று இருக்கும். இதை ஏனோ யாரும் அவுட்டிங் கணக்கில் சேர்ப்பதில்லை.

மலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அடுத்த வருஷமே சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உச்ச வரம்பும் வந்துவிட்டது, நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. பாஸ் இல்லாமல் சோதனைச் சாவடியில் ஓரம் கட்டி நிறுத்தினால் வண்டிக்குள் இருக்கிற பிள்ளைகள்தான் முதலில் வாடிப்போவார்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் இந்தத் தலைவலியே இல்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை என்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போய்விடுங்கள்.

இன்னொன்று வாந்தி. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. அடிவாரத்தில் வயிறு முட்டப் பூரி மசாலா வாங்கிக் கொடுத்து, அழாமல் இருக்கட்டும் என்று கையில் போனையும் கொடுத்து, பின் சீட்டில் உட்கார வைத்தால் பத்தாவது வளைவுக்குள் சீட்டெல்லாம் நாறிவிடும். குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டே வளைவில் போனால் குமட்டல் அதிகமாகும். வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம், இரண்டு இட்லி போதும், ஜன்னலைத் திறந்து தூரத்தில் இருக்கிற மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்று உடையைப் பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டாமல் கைப்பையில் வையுங்கள், இதைச் சொல்லியும் பாதிப் பேர் டிக்கிக்குள்தான் வைப்பார்கள்.

ரயில் டிக்கெட்டில் ஒரு பழைய நினைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அஞ்சு வயசிலிருந்து பன்னிரண்டு வரை அரை டிக்கெட் என்று. பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுக்கலாம்தான், ஆனால் 2016 ஏப்ரலிலிருந்து அதற்குத் தனி பெர்த் கிடையாது, பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ஒன்பது வயசுப் பெண்ணைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க ஒரே பெர்த்தில் படுத்துப் பாருங்கள், மிச்சம் பிடித்த காசு கழுத்து வலியில் போய்விடும். முன்பதிவும் இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு போல 120 இல்லை. மே மாசப் பயணத்துக்கு மார்ச்சிலேயே காலண்டரில் குறித்து வையுங்கள்.

பெண் குழந்தைகளோடு போகிறவர்கள் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் பாத்ரூம். பையன் என்றால் ஒரு மரத்தடி போதும், பெண்ணுக்கு அப்படி முடியாது. அதனால் வழியில் தண்ணீரையே குறைத்துக் கொடுக்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். இதை விடப் பெரிய தவறு இந்த மொத்தப் பட்டியலிலும் இல்லை. வெயிலில் தண்ணீர் குறைந்து, மூத்திரத்தையும் அடக்கிக்கொண்டே வந்தால் நீர்க்கடுப்பு வரும், சில பிள்ளைகளுக்கு நோய்த்தொற்றாகிக் காய்ச்சலில் போய் முடியும். தண்ணீரைத் தாராளமாகக் கொடுங்கள், பிள்ளை கேட்கும் வரை காத்திருக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்துங்கள். பெட்ரோல் பங்கில் கழிப்பறையும் குடிதண்ணீரும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி, டீசல் போட்டால்தான் கேட்கலாம் என்று கூச்சப்பட வேண்டியதில்லை. உடையிலும் இதை யோசியுங்கள். போட்டோவுக்கு அழகாக இருக்கும் என்று பின்னால் பத்து பட்டன் வைத்த டங்கரீஸோ, இறுக்கிக் கட்டிய லெஹங்காவோ போட்டுவிட்டால் அந்தச் சின்ன ஈரமான பாத்ரூமுக்குள் அதை அவிழ்த்து மாட்டுவதற்குள் இரண்டு பேரும் நனைந்துவிடுவீர்கள்.

தீம் பார்க் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் பிள்ளையின் உயரத்தைச் சுவரில் குறித்துப் பாருங்கள். பெரும்பாலான ரைடுகளுக்கு உயரம்தான் கணக்கு, வயசு இல்லை. தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் நீச்சல் உடை கேட்பார்கள், காட்டன் பாவாடை சட்டையோடு விடமாட்டார்கள், அங்கேயே வாங்கினால் விலை கூடுதல்.

சரி, கடைக்கு வருவோம். ஸ்கூல் திறக்கிற தேதி ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2025இல் ஜூன் 2 அன்று திறந்தார்கள், அதற்கு முந்தைய வருஷம் வெயிலைக் காரணம் காட்டி ஜூன் 10க்குத் தள்ளிவைத்தார்கள். தள்ளிப்போகும் என்று நம்பி எல்லாவற்றையும் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு விட்டுவிட்டு ரங்கநாதன் தெருவில் போய் நிற்பதுதான் சென்னைக்காரர்களின் வருஷாந்திரத் திருவிழா. அந்தக் கூட்டத்தில் சின்னப் பெண்ணின் முகம் பெரியவர்களின் இடுப்பளவில் இருக்கும், அவளுக்குத் தெரிவதெல்லாம் கைப்பைகளும் முழங்கைகளும்தான். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் வார நாளில் கடை திறக்கிற நேரத்துக்குப் போங்கள். கிளம்பும்போது அன்று போட்டிருக்கும் உடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, நம் போன் நம்பரை எழுதி அவள் பாக்கெட்டில் வைத்துவிடுங்கள். கை விட்டுப்போனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், பக்கத்துக் கடைக்குள் போய் கல்லாவில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அது உங்கள் போனில் இருக்கட்டும்.

பிள்ளை இல்லாமல் வாங்கலாம் என்று சிலவற்றை விடலாம், ஷூவை விடவே கூடாது. பழைய ஷூவின் நம்பரைச் சொல்லி ஒரு நம்பர் கூடுதலாக வாங்கி வருவார்கள், "வளர்ற பிள்ளைதானே". அவள் அதை இழுத்து இழுத்து நடப்பாள், குதிகாலில் கொப்புளம் போடும், முன்னால் பஞ்சு அடைத்தும் பார்ப்பார்கள். சாயங்காலமாகக் கூட்டிப் போங்கள், அந்நேரத்தில் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். ஸ்கூலுக்குப் போடுகிற அதே சாக்ஸை மாட்டி, இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நிற்கச் சொல்லி, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். உட்கார்ந்தபடியே ஒரு காலுக்கு மட்டும் போட்டுப் பார்த்தால் கணக்காகாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு லேஸ் வைத்த ஷூ எதற்கு? பக்கிளோ வெல்க்ரோவோ போதும்.

டிபன் பாக்ஸைப் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். நாலு பக்கமும் கிளிப் வைத்து அழுத்தி மூடுகிற டப்பா, மேலே யூனிகார்ன். கடையில் அதைத் திறந்து காட்டுவது கடைக்காரர். அதை அவள் கையில் கொடுத்து "நீ திற பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். நகத்தை விட்டு நெம்புவாள், இரண்டு கிளிப் வரும், மூன்றாவது வராது, டப்பாவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து இழுப்பாள், கடைசியில் மூடி சட்டென்று திறந்து கையிலிருந்தே நழுவும். வகுப்பில் இது சாம்பார் சாதத்தோடு நடக்கும். மிஸ்ஸிடம் திறந்து தரச் சொல்லக் கூச்சப்பட்டு, மூடிய டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருகிற பிள்ளைகள் எத்தனையோ பேர், நாம் "சாப்பிடவே இல்லை" என்று திட்டிக்கொண்டிருப்போம். பாட்டிலும் இதேதான், திருகித் திறந்து, குடித்து, திரும்ப மூடி, தலைகீழாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரா வைத்த பாட்டில் அழகுதான், அந்தக் குழாய்க்குள் கறுப்பாகப் படிவதைத் தேய்க்க நேரமிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பை விஷயத்தில் ஒரு கணக்குப் போட்டாலே போதும். மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கைப்படி புத்தகப் பை பிள்ளையின் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோ வரைதான். இருபது கிலோ பெண்ணுக்கு இரண்டு கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் மட்டுமே ஒரு கிலோ, அதற்கு மேல் பாட்டிலின் எடை, மிச்சத்தில் பையும் புத்தகமும் டப்பாவும் அடங்க வேண்டும். சக்கரம் வைத்த டிராலி பை காலியாகவே கனக்கும், மாடிப்படியில் அதை அவள்தான் தூக்க வேண்டும். கடையில் காலிப் பையைக் கையில் தூக்கிப் பாருங்கள், தோள்பட்டை வார் அகலமாக இருக்கட்டும், பாட்டிலும் அரை லிட்டர் போதும், பள்ளியில் நிரப்பிக்கொள்ளலாம்.

யூனிபார்ம் துணியைத் தைக்கக் கொடுப்பவர்கள் மே முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள், கடைசி வாரத்தில் எந்த டெய்லரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். பெரிதாகத் தைத்துவிட்டுத் தொளதொளவென்று போட்டுக்கொள்வதற்குப் பதில், இப்போதைய அளவுக்குத் தைத்துக் கீழே மூன்று இஞ்ச் மடிப்பும் பக்கவாட்டில் உள் தையலும் விடச் சொன்னால் வருஷக் கடைசி வரை பிரித்துவிட்டுக்கொள்ளலாம். காட்டன் கலந்த துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். எல்.கே.ஜி. பெண்ணுக்கு முதுகில் ஜிப் வைத்த பினோபார் வேண்டாம், காரணம் மேலே சொன்ன பாத்ரூம்தான். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு நாலு செட் சீருடை இலவசம், அங்கே பாடப்புத்தகம், நோட்டு, பை, காலணியும் தருகிறார்கள். அது வருவதற்குள் அவசரப்பட்டு எல்லாவற்றையும் வெளியே வாங்கிவிடாதீர்கள்.

நோட்டு வாங்க பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போகிறவர்கள் லிஸ்ட் கையில் வந்த பிறகு போங்கள். நாலு கோடா, இரண்டு கோடா, கட்டம் போட்டதா, லாங் சைஸா என்று தெரியாமல் டஜன் கணக்கில் வாங்கினால் பாதி வீட்டில் கிடக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்பனர், கிரேயான்ஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள்.

இரண்டு பெண்கள் இருக்கிற வீட்டில் அக்காவுக்கு எல்லாம் புதுசு, தங்கச்சிக்கு எல்லாம் அக்காவுடையது என்று ஆகிவிடும். யூனிபார்மும் பையும் கைமாறலாம், நல்ல பழக்கம்தான், ஆனால் ஷூ மாறக் கூடாது, அது ஒருத்தி காலுக்குத் தேய்ந்து பழகியது. சின்னவளுக்கு ஒரே ஒரு சாமானாவது அவளே கை காட்டி வாங்கியதாக இருக்கட்டும். கடைக்காரர் பார்த்த உடனே பிங்க்கை எடுத்துப் போடுவார், அவள் டைனோசர் கேட்டால் டைனோசரே கொடுங்கள். ஆளுக்கு ஒரு பொருள் உங்கள் இஷ்டம், மற்றது அம்மா அப்பா சொல்கிறபடி என்று வீட்டிலேயே பேசிவிட்டால் கடையில் தரையில் உருளுகிற காட்சி குறையும்.

லேபிளில் பெயரையும் வகுப்பையும் மே மாசமே எழுதி ஒட்டிவிடாதீர்கள், செக்‌ஷனை மாற்றிவிடுவார்கள். பிரவுன் ஷீட் மட்டும் போட்டு வையுங்கள். ஷூ பில்லைப் பத்திரமாக வைத்துவிட்டு, பாட்டி ஊரிலிருந்து திரும்பிய பிள்ளைகளை வெயிலில் உட்கார வைத்து, ஈர்கொல்லியை எடுத்துப் பேன் பாருங்கள். ரெட்டை ஜடை போட்டு வகுப்பில் நெருக்கி உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் பெஞ்ச் முழுக்கப் பரவிவிடும்.