ஃப்ளாரன்ஸுக்கு வாடகைக் காரில் போகிறவர்களுக்கு

காரை ஊருக்குள் கொண்டுபோகாதீர்கள். ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே நேராக நுழையும் வில்லா கோஸ்தான்சா பார்க்கிங்கில் விட்டுவிட்டு டி1 டிராமில் ஏறினால், அரை மணிக்குள் ஊர் நடுவிலுள்ள சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையம்.

பழைய நகரம் 'இஸட்.டி.எல்.' என்ற கட்டுப்பாட்டுப் பகுதி, அனுமதி இல்லாத கார்கள் நுழையக் கூடாது. தடுக்க யாரும் நிற்கமாட்டார்கள். கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துவிடும். அபராதம் மாதக்கணக்கில் கழித்து வீடு தேடி வரும். உங்கள் விலாசத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்கு வாடகை கம்பெனியும் தனியாகப் பணம் பிடிக்கும், அதுதான் கூடுதல் எரிச்சல்!

தங்கும் ஹோட்டல் அந்தப் பகுதிக்குள்ளேயே இருந்தால் கதை வேறு: உள்ளே நுழைய அனுமதி கிடைக்கும்படி கார் நம்பரைப் பதிந்து தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். அப்போது வில்லா கோஸ்தான்சாவுக்குள் நுழையாதீர்கள்: அந்தப் பார்க்கிங்கிலிருந்து கார் திரும்ப நெடுஞ்சாலைக்குத்தான் போகும், ஊருக்குள் வழி கிடையாது.