முதல் மூன்று மீட்டர்: ஸ்கூபா பழகுபவர்கள் காதைக் காத்துக்கொள்வது எப்படி?

சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் வளர்ந்தவனுக்குத் தண்ணீரில் காது போயிற்று என்றால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். சிரித்தார்கள். நடுக்கடலில்கூட இல்லை, நாலு மீட்டர் ஆழமில்லாத நீச்சல் குளத்தில், ஸ்கூபா (முதுகில் காற்று உருளையைச் சுமந்து நீருக்கடியில் மூழ்குவது) வகுப்பின் முதல் நாள். பணம் கட்டியாயிற்று, கூட வந்தவர்கள் எல்லோரும் தரையைத் தொட்டுவிட்டார்கள், நான் மட்டும் மேலே மிதப்பதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். அன்றிரவு தலையணையில் ரத்தத் துளி. நான் அன்று செய்திருக்க வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஏன் வலிக்கிறது?

திருப்பதி மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது காது அடைத்துக்கொள்ளும் அல்லவா? ஏறத்தாழ 700 மீட்டர் இறக்கம் அது. அவ்வளவு இறக்கத்திலும் கூடும் காற்றழுத்தத்தைக் கணக்கிட்டால், கடலில் ஒரு மீட்டர் ஆழம்கூடத் தேறாது. மலைப்பாதையில் அரை மணி நேரம் எடுப்பதைத் தண்ணீரில் இரண்டு நொடியில் கடந்துவிடுகிறோம்.

செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்ற சிறு அறை இருக்கிறது. உள்ளே காற்று. அதற்கு ஒரே வாசல், மூக்குக்குப் பின்னால் திறக்கும் ஊஸ்டேகியன் குழாய். சாதாரணமாக அது மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறக்கும். வெளியே அழுத்தம் ஏற ஏற, அந்த வாசல் வழியாக நாம் காற்றை அனுப்பாவிட்டால் செவிப்பறை உள்நோக்கி வளையும். மேலும் போனால் கிழியும்.

நீர்மட்டத்தில் அழுத்தம் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு), 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3. ஆகவே காற்று பாதியாகச் சுருங்குவது முதல் 10 மீட்டரிலேயே நடந்துவிடுகிறது. அடுத்த முறை பாதியாக 30 மீட்டர் வரை போக வேண்டும். ‘குளம்தானே, ஆழமில்லை’ என்று நினைப்பது அதனால்தான் தவறு. சமன் செய்யாமல், அதாவது நடுச்செவிக்குக் காற்றை அனுப்பி உள்ளேயும் வெளியேயும் அழுத்தத்தை ஒன்றாக்காமல், சுமார் 1.2 மீட்டர் இறங்கிவிட்டால் குழாயின் வாய் அழுந்தி மூடிக்கொள்ளும். பிறகு எவ்வளவு ஊதினாலும் திறப்பது கடினம். அதற்குச் சற்றுக் கீழேயே செவிப்பறை கிழிந்தவர்களும் உண்டு.

படி 1: முந்தைய நாள் மூக்கைப் பாருங்கள்

சளி இருந்தால் போகாதீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் வண்டி ஓட்டுகிற நமக்கு மூக்கடைப்பு பழகிப்போன விஷயம், அடைத்திருப்பதே தெரியாது. இரண்டு துவாரத்தையும் தனித்தனியாக மூடி மூச்சிழுத்துப் பாருங்கள். மூக்கில் மருந்து அடித்துக்கொண்டு சமாளிக்கலாம் என்பது ஆபத்தான யோசனை. கீழே இருக்கும்போது மருந்தின் வேலை முடிந்துவிட்டால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் போகும்.

காதைக் குடைய வேண்டாம். ஊக்கு, சாவி, பஞ்சுக்குச்சி எதுவும் வேண்டாம்.

படி 2: வீட்டிலேயே பழகுங்கள்

மூன்று முறைகள் போதும்.

வல்சால்வா: மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக மூக்கு வழியே ஊதுவது. இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ வல்சால்வா 1704-இல் காதைப் பற்றி எழுதிய நூலால் இந்தப் பெயர் நிலைத்தது. எல்லோரும் முதலில் கற்பது இதுதான், அதிகம் கெடுத்துக்கொள்வதும் இதனால்தான். மெதுவாக என்றால் மெதுவாக. முக்கி ஊதினால் உட்செவியின் மெல்லிய சவ்வு கிழிந்து, கேட்கும் திறனே நிரந்தரமாகப் போகக்கூடும்.

டாயின்பீ: மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குவது.

ஃபிரென்செல்: மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘க்’ என்று சொல்ல முயல்வது. நாக்கின் பின்பகுதி உயர்ந்து காற்றைத் தள்ளும். நெஞ்சிலிருந்து ஊத வேண்டியதே இல்லை. எனக்குப் பிடித்தது இது. கண்ணாடி முன்னால் செய்து பாருங்கள், மூக்கு லேசாக உப்பினால் சரி. காதில் ‘கிளிக்’ என்று கேட்க வேண்டும், இரண்டு காதிலும்.

படி 3: இறங்குவது

நீர்மட்டத்திலேயே ஒருமுறை சமன் செய்துவிட்டுத் தொடங்குங்கள். தலைகீழாகப் பாயாதீர்கள், கால் கீழே, தலை மேலே, ஒரு கை, இறங்குவதற்காகக் கட்டிய கயிற்றில், மறு கை மூக்கில். மாஸ்க்கில் மூக்குக்கென்று மெத்தென்ற ரப்பர் பை இருப்பது இதற்குத்தான். அரை மீட்டருக்கு ஒருமுறை செய்யுங்கள். வலி வந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தால் வாசல் பாதி மூடியிருக்கும். நான் காத்திருந்தேன்.

காதில் அடைப்பான் போடவே கூடாது. அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் நடுவே சிக்கும் காற்றை எந்த வழியிலும் சமன் செய்ய முடியாது.

படி 4: திறக்கவில்லை என்றால்

நில்லுங்கள். கையைத் தட்டையாக ஆட்டி, காதைச் சுட்டிக்காட்டுங்கள். ஒரு மீட்டர் மேலே வாருங்கள். அடைத்த காது மேல்நோக்கி இருக்கும்படி தலையைச் சாய்த்து மறுபடி முயலுங்கள். இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், கட்டைவிரலை உயர்த்துங்கள். (நீருக்கடியில் அதற்கு ‘பிரமாதம்’ என்று பொருள் இல்லை, ‘மேலே போகலாம்’ என்று பொருள்.) பயிற்சியாளர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

திடீரென்று வலி நின்று, குளிர்ந்த நீர் உள்ளே போனதுபோல் உணர்ந்து, உலகம் சுற்றினால் செவிப்பறை கிழிந்திருக்கலாம். கயிற்றை இறுகப் பிடியுங்கள், ரெகுலேட்டரை (வாயில் வைத்து மூச்சு விடும் கருவியை) கடித்தபடியே மூச்சு விடுங்கள். உள்ளே போன நீர் உடல் சூட்டுக்கு வந்ததும் சுற்றல் அடங்கும். பிறகு துணையோடு மெதுவாக மேலே.

படி 5: ஏறுவது

ஏறும்போது காற்று தானாகவே வெளியேறும். வலித்தால் சற்றுக் கீழே இறங்கி, தாடையை அசைத்து, விழுங்கி, பின்பு மெல்ல ஏறுங்கள்.

படி 6: கரைக்கு வந்தபின்

லேசான அடைப்பு ஓரிரு நாளில் சரியாகலாம். அதுவரை மறுபடி இறங்காதீர்கள். ரத்தமோ நீரோ வடிந்தால், வலி நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ராயபுரம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. தலைசுற்றல், காதில் இரைச்சல், கேட்பது குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே போங்கள், ஸ்கூபா செய்ததைச் சொல்லுங்கள். ஆழத்திலிருந்து ஏறியபின் வரும் சுற்றல், ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி சேர்ந்ததாலும் இருக்கலாம். அதற்கு அழுத்த அறைச் சிகிச்சை (காற்றழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்துத் தரும் சிகிச்சை) வேண்டும்.

எண்ணெய் ஊற்றாதீர்கள். என் பாட்டி பூண்டைத் தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, துணியில் எடுத்துக்கொண்டு வந்தேவிட்டாள். ஓட்டை விழுந்த செவிப்பறை வழியாக அது நேரே நடுச்செவிக்குப் போயிருக்கும். பாட்டியை நிறுத்தியதுதான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

எனக்கு ஆற ஆறு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகும் ஒரு மாதம் பொறுக்கச் சொன்ன மருத்துவர், கடைசியில் மூக்கைப் பிடித்து ஊதச் சொல்லி, கருவி வழியே செவிப்பறை அசைவதைப் பார்த்த பிறகே அனுப்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே குளத்தில் மூன்று மீட்டர் இறங்க நாலு நிமிடம் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கீழே காத்திருந்தார்கள்.