குப்பையைச் சொல்லித்தரும் கைவினை, குப்பையைக் கூட்டலாமா?

மறுசுழற்சி பற்றி ஒரு கைவினைப் பொருள் செய்து வர வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டால், அன்று மாலையே பெற்றோர் கடைக்குப் போய் இரண்டு சார்ட் அட்டை, ஒரு தெர்மாகோல் பலகை, மினுமினுப்புத் தூள், ஸ்டிக்கர் என்று புதிதாக வாங்கி வந்துவிடுகிறார்கள். சேலத்தில் குழந்தைகளுக்கு வண்ணம் தீட்டவும் காகித வேலை செய்யவும் கற்றுக்கொடுத்து வரும் நான் அடிக்கடி காணும் முதல் தவறு இதுதான். மினுமினுப்புத் தூள் என்பது உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் படலத்தின் நுண்ணிய துண்டுகள். அதைத் தூவிய தாளைக் கூழாக்கினால் அது கூழோடும் கழிவுநீரோடும் கலந்துவிடும்; கரையாது. தெர்மாகோலில் பெரும்பகுதி காற்றே என்பதால், எடை பார்த்து வாங்கும் பழைய பேப்பர்கடைக்காரருக்கு அதனால் பயனில்லை. வெளிநாட்டுச் செய்முறைகளைப் பார்த்துத் தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளை ஆகியவற்றைத் தேடிப் பிடிப்போரும் உண்டு. இவை மூன்றையும் தமிழக அரசு 1.1.2019 முதல் தடை செய்துள்ளது.

வீட்டிலேயே கிடைப்பவை போதும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம், பற்பசை வந்த அட்டைப் பெட்டி, ஜவுளிக்கடைப் பெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றைக் கொண்டு ஒரு வகுப்பையே நடத்திவிடலாம். பத்திரிகையை மட்டும் ஓரத்தில் சற்றுக் கிழித்துப் பார்க்க வேண்டும். கிழிந்த இடத்தில் கண்ணாடிபோல மெல்லிய படலம் இழுபட்டால் அது வெறும் காகிதமன்று. குழந்தைகளையே கிழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு நொடியில் அவர்கள் அறிந்துகொள்வதை எந்தப் படமும் சொல்லித்தராது.

பசையிலும் தவறு நேர்கிறது. மரவள்ளிக்கும் ஜவ்வரிசிக்கும் பெயர்பெற்ற சேலத்தில் கிழங்கு மாவு எளிதாகக் கிடைக்க, குழாய்க் குழாயாகப் பசை வாங்க வேண்டியதில்லை. இரண்டு தேக்கரண்டி மாவை முதலில் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, பிறகு கொதிக்கும் ஒரு தம்ளர் நீரில் ஊற்றிக் கிளறினால், வெண்மை மாறிக் கண்ணாடிபோல் ஆகும்போது பசை தயார். மாவை நேரே கொதிநீரில் கொட்டினால் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும். பூச்சி அரிக்காமலிருக்க, புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்ற நீல உப்பு) சேர்ப்பது வழக்கம். அது நஞ்சு, குழந்தைகளின் கையில் புழங்கும் பசையில் அதை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. தேவைக்கு மட்டும் காய்ச்சிக்கொள்வதே சரி.

அடுத்தது தொட்டிகளின் நிறம். குழந்தைக்குப் பிடித்த நிறத்தில் தீட்டட்டும் என்று விடுவது மற்ற படங்களுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. ஈரக் கழிவுக்குப் பச்சை, உலர் கழிவுக்கு நீலம் என்பதே நம் நாட்டில் பழகிவரும் முறை. பிற நாட்டுப் படங்களிலுள்ள மஞ்சள், பழுப்புத் தொட்டிகளை அப்படியே அச்சிட்டுக் கொடுத்தால், தெருவில் தொட்டிக்கு முன் நிற்கும் குழந்தை குழம்பும். ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்ற தலைப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. காகிதம் மக்கும் பொருளே. ஆனால் சேரும் இடம் உலர் கழிவு, ஏனெனில் உணவுக் கழிவின் ஈரமும் அழுக்கும் படாத காகிதமே மீண்டும் கூழாக்க ஏற்றது. அதே காகிதம் பஜ்ஜி எண்ணெயில் ஊறிவிட்டால் மறுசுழற்சிக்கு ஆகாது; அச்சு மையும் பிளாஸ்டிக் பூச்சும் இல்லாததாயின் ஈரக் கழிவில் சேர்க்கலாம். இந்த நுணுக்கத்தைக் குழந்தைகளால் புரிந்துகொள்ள முடியாது என்று எண்ணி ஆசிரியர்கள் விட்டுவிடுகிறார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு அது நன்றாகவே புரியும் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பேட்டரி, குழல்விளக்கு, காலாவதியான மருந்து ஆகியவை இரண்டு தொட்டியிலும் சேராமல் தனியே கொடுக்க வேண்டியவை.

துரத்திச் செல்லும் மூன்று அம்புக்குறிகளை வரையாத படமே இல்லை. 1970இல் கேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மாணவர் ஒரு போட்டிக்காக வடிவமைத்த மறுசுழற்சிச் சின்னம் அது. புட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணோ பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே குறிக்கிறது. தண்ணீர்ப் புட்டியில் 1 என்றிருக்கும். அம்புக்குறி இருப்பதெல்லாம் மறுசுழற்சியாகிவிடும் என்று சொல்லிக்கொடுப்பது தவறு.

படத்தின் களமும் முக்கியம். பிளாஸ்டிக் பையை விழுங்கும் கடலாமையைச் சேலத்துக் குழந்தை வரைவதில் பிழையில்லை. ஆனால் ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில், வண்டியிலிருந்து எறிந்த தின்பண்ட உறையை நக்கும் குரங்கை அது நேரில் கண்டிருக்கிறது. ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு நகருக்குள் ஓடி, பின்னர் காவிரியில் கலக்கிறது. தாளின் மேல்முனையில் மலை, நடுவில் ஊர், கீழே காவிரி என்று வரைந்து, மேலே எறிந்த உறை எங்கே போய்ச் சேரும் என்று விரலால் தொடரச் சொன்னால் போதும்.

என்னை மிகவும் வருத்தும் குறை வேறொன்று. சிரிக்கும் தொட்டி, கைகால் முளைத்த புட்டி எல்லாம் இருக்கும் படங்களில் மனிதர் இருப்பதில்லை. காலையில் வீடு தேடி வரும் தூய்மைப் பணியாளரை, கையுறையும் காலணியும் உள்ளவராக, முகம் தெரியும்படி வரைய வேண்டும். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி, அதன்மேல் ‘உடைந்த கண்ணாடி’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பதையும் அந்தப் படத்திலேயே சேர்க்கலாம், ஏனெனில் கிழிபடுவது அவருடைய கைதான்.

கண்காட்சி முடிந்த பொருளை வாரக்கணக்கில் தூசியேற விட்டு, பின்னர் ஒட்டுமொத்தமாகக் குப்பையில் போடுவதையும் தவிர்க்க வேண்டும். மறுநாளே குழந்தைகளைக் கொண்டு பிரிக்கச் சொல்லுங்கள். கிழங்குப் பசையால் ஒட்டியவை நீரில் சிறிது நேரம் ஊறினால் கழன்று வந்துவிடும். செல்லோடேப் சுற்றிய அட்டை மட்டும் தோலுரிந்து, காகிதமும் பிளாஸ்டிக்கும் பிரியாமல் கையில் தங்கும். அதை எந்தத் தொட்டியில் போடுவது என்று அவர்களையே கேளுங்கள்.