லேப்டாப் சத்தம் அடங்க: முதலில் சூடு, அப்புறம்தான் ஃபேன்

கதைகளையும் கட்டுரைகளையும் வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பது என் வேலை. மைக், லேப்டாப் இரண்டும் ஒரே மேசையில். நீண்ட வாக்கியம் ஒன்றை மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும்போது பார்த்து, ஃபேன் ‘ஸ்ஸ்ஸ்’ என்று கிளம்பும். ஒரே சீராக ஓடும் இரைச்சலைக்கூட மென்பொருளால் துடைத்துவிடலாம். ஏறி இறங்கும் இரைச்சலைத் துடைக்கப் போனால் குரலும் சேர்ந்து தேய்ந்துவிடும்.

முதலில் நேராக ஃபேனில்தான் கைவைத்தேன். வேகத்தைக் குறைத்த பத்தாவது நிமிடம் பிராசசர் 95 டிகிரியில் நின்றது, விசைப்பலகை மேல் விரல் வைக்க முடியவில்லை. சூடு பிறக்கிற இடத்தை விட்டுவிட்டு அது வெளியேறுகிற வழியை அடைத்தால் வேறென்ன நடக்கும்?

சரி, வரிசையை மாற்றுவோம். அதற்கு முன் பின்மூடியைத் திறந்து தூசி தட்டுங்கள். காற்றடித்து ஊதும்போது ஒரு குச்சியால் ஃபேன் இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும். தூசி அடைத்த லேப்டாப்பில் கீழே சொல்வது எதைச் செய்தும் பயனில்லை.

இப்போது வோல்டேஜ். பிராசசர் வேலை செய்யும்போது எரிக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 வோல்ட்டை 0.92 ஆக்கினால் 0.92 பெருக்கல் 0.92, அதாவது சுமார் 0.85. வேகத்தைத் தொடாமலே அந்தப் பகுதியில் 15 சதவீதம் மிச்சம். இது எப்படிச் சாத்தியம் என்றால், தொழிற்சாலையிலிருந்து வருகிற சில்லுகளில் சில சுமார், சில அருமை. சுமாரானதும் தடுமாறாமல் ஓடவேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புகிறார்கள். அந்தக் கூடுதலைத்தான் நாம் எடுக்கப் போகிறோம்.

என்னுடையது இன்டெல் ஐ5 8250யூ. விண்டோஸில் த்ராட்டில்ஸ்டாப் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் எஃப்ஐவிஆர் என்ற பொத்தானை அழுத்தினால் வோல்டேஜ் பகுதி வரும். சிபியு கோர், சிபியு கேஷ் இரண்டிலும் ‘அன்லாக்’ பெட்டியை டிக் செய்து, ஆஃப்செட்டை, அதாவது வழக்கமான வோல்டேஜிலிருந்து எவ்வளவு கூட்டுவது குறைப்பது என்ற எண்ணை, மைனஸ் 50 மில்லிவோல்ட்டுக்கு இழுங்கள். இரண்டுக்கும் ஒரே எண். என் தலைமுறை சில்லில் இரண்டும் ஒரே மின்பாதையில் இருப்பதால், ஒன்றை மட்டும் குறைத்தால் எதுவும் நடக்காது. அரைநாள் இதை அறியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். கீழே, வோல்டேஜைச் சேமிக்காதே என்ற தேர்வு இருக்கும். சோதனை முடியும்வரை அதிலேயே விடுங்கள். உறைந்து நின்றால் பவர் பொத்தானை அழுத்தி அணைத்து ஏற்றினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

பிறகு பத்துப் பத்தாக இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும், பிராசசரை முழுமூச்சாக ஓடவிட்டுச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை ஒரு சுற்று ஓட்டுங்கள், ஆனால் அதில் பாஸ் ஆனதும் குதிக்க வேண்டாம். மைனஸ் 110இல் என் லேப்டாப் சினிபெஞ்சைச் சிரித்துக்கொண்டே முடித்தது. மறுநாள் காலை சும்மா மூடித் திறந்தபோது, விண்டோஸ் செயலிழந்தால் வரும் நீலத்திரை. வேலையே இல்லாத நேரத்தில் வோல்டேஜ் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும், அங்கிருந்தும் உருவினால் தாங்காது. நீலத்திரைக்கு முன்பே சில சமயம் அறிகுறி தெரியும்: விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில், வன்பொருள் பிழைகளைப் பதியும் டபிள்யூஹெச்இஏ லாகர் பெயரில் எச்சரிக்கை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் மைனஸ் 80இல் நின்றுகொண்டேன். ஒரு வாரம் வழக்கமான வேலை செய்து பார்த்த பிறகே சேமித்தேன். உங்கள் எண் வேறாகத்தான் இருக்கும், என் எண்ணைக் காப்பியடிக்காதீர்கள்.

ஆஃப்செட் கட்டமே மங்கலாகப் பூட்டியிருந்தால் உங்கள் மேல் தவறில்லை. 2019 டிசம்பரில், வோல்டேஜைக் குறைத்தே பிராசசரின் பாதுகாப்புப் பெட்டகத்தை உடைக்கும் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதல் வெளிவந்தது. அதன்பின், கணினியைத் துவக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட்டிலேயே பல லேப்டாப்களில் இதைப் பூட்டிவிட்டார்கள்.

பூட்டியிருந்தாலும் பாதிக்கு மேல் பலன் இன்னும் மிச்சமிருக்கிறது. உண்மையில் என் பதிவைக் காப்பாற்றியது வாட் வரம்புதான், அதாவது பிராசசர் இத்தனை வாட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு. த்ராட்டில்ஸ்டாப்பின் டிபிஎல் என்ற பகுதியில் நீண்டநேர வரம்பு, குறுகியநேர வரம்பு என்று இரண்டு உண்டு. குறுகியநேர வரம்பு பெரிதாக இருந்தால், பக்கம் ஒன்றைத் திறந்தாலே பிராசசர் ஒரு குதி குதிக்கும், சூடு எகிறும், ஃபேன் விழித்துக்கொள்ளும். நான் நீண்டதை 10 வாட்டுக்கும் குறுகியதை 12 வாட்டுக்கும் இறக்கினேன். ஒலிக்கோப்பை ஏற்றுமதி செய்யக் கூடுதல் நேரம் ஆகிறது. ஆகட்டும், அப்போது நான் மைக் முன்னால் இல்லை.

எந்த மென்பொருளும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. விண்டோஸ் பவர் பிளானில் அதிகபட்ச பிராசசர் நிலையை 100இலிருந்து 99 சதவீதம் ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று நினைக்கலாம். தேவைப்படும்போது அடிப்படை வேகத்தைத் தாண்டித் தாவும் டர்போ மொத்தமாக நின்றுவிடும். 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை தாவுகிற என் சில்லு 1.6இல் படுத்துவிடுகிறது. வாசிக்க, எழுத அது போதும். வீடியோ எடிட்டிங் என்றால் அழுகை வரும்.

கடைசியாகத்தான் ஃபேன். தயாரிப்பாளர் தந்த செயலியில் அமைதி நிலை இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நோட்புக் ஃபேன்கன்ட்ரோல் மாதிரி வெளியாள் மென்பொருள் போடுவதானால், உங்கள் மாடலுக்கென்றே எழுதிய அமைப்புக்கோப்பை மட்டும் பயன்படுத்துங்கள். ஃபேனை இயக்கும் சில்லுக்குள் தவறான இடத்தில் எழுதிவிட்டால் சார்ஜிங் முதற்கொண்டு குழம்பலாம். அதில் நான் மாற்றியது ஒன்றே ஒன்று: 60 டிகிரியில் கிளம்பும் ஃபேன் 50க்கு இறங்கும்வரை நிற்கக்கூடாது என்று இடைவெளி வைத்தேன். 58இல் நின்று 60இல் கிளம்பும் அந்த விட்டுவிட்டு வரும் இழுப்பு போய்விட்டது. ஃபேனை ஒரேயடியாக அணைக்காதீர்கள். 100 டிகிரி பக்கம் போனால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிவிடும். பக்கத்தில் இருக்கும் பேட்டரிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

இப்போது பதிவில் கேட்பது சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக். அதை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டேன். பயாஸ் அப்டேட் வந்தால் மட்டும், முடிந்த கையோடு த்ராட்டில்ஸ்டாப்பைத் திறந்து மைனஸ் 80 அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மைக்கை ஆன் செய்கிறேன்.