கோமாரி நோயை வைத்து ஒரு கம்ப்யூட்டர் கேம்: ஸ்கிராட்சில் முதல் முயற்சி

விலங்கு நோய் பற்றி கேம் செய்யலாம் என்றதும் பெரும்பாலான மாணவர்கள் வரைவது, பல்லை இளிக்கும் பச்சை வைரஸை ஊசியால் சுடும் கேம். ஆட ஜாலியாக இருக்கும். நோயைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. கேள்வி-பதில் கேமோ பரீட்சைத் தாளுக்குக் கலர் அடித்தது போல. நோய் பரவும் விதமே கேமின் விதியாக இருந்தால் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

படி 1: ஒரே ஒரு நோய்

கோமாரியை எடுத்துக்கொள்வோம். வைரஸால் வருவது. மாடு, ஆடு, பன்றி போன்ற குளம்பு பிளந்த விலங்குகளைத் தாக்கும். காய்ச்சல், வாயிலும் காலிலும் கொப்புளம், ஒழுகும் எச்சில். அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகலாம். அதற்கு முன்பே மாடு வைரஸைப் பரப்பத் தொடங்கிவிடும். இந்தக் கடைசி வரிதான் நம் கேம்.

படி 2: முதலில் காசு, பிறகு கம்ப்யூட்டர்

பத்து நாணயங்களை வரிசையாக வையுங்கள், ஒவ்வொன்றும் ஒரு மாடு. ஒன்றுக்கு நோய். நாளுக்கு ஒருமுறை, அதன் பக்கத்து மாடு ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கத் தாயக்கட்டை உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் தொற்று. இதிலேயே சலிப்புத் தட்டினால் விதியை மாற்றுங்கள்.

படி 3: ஒரே லிஸ்ட்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச், கட்டளைத் துண்டுகளை இழுத்து ஒட்டி ப்ரோகிராம் செய்யும் மென்பொருள். இலவசம், இதற்குப் போதும். ‘மாடு’ என்று பத்து இடமுள்ள லிஸ்ட் (எண்களை வரிசையாக வைக்கும் பட்டியல்) ஒன்று. 0 என்றால் நலம். 1 முதல் 3 வரை நோய் உண்டு, வெளியே தெரியாது. 4-உம் அதற்கு மேலும் அறிகுறி. -1 தடுப்பூசி போட்டது. தொடக்கத்தில் எல்லாம் 0. ஏதாவது ஒன்றை மட்டும் 1 ஆக்குங்கள்.

படி 4: ‘அடுத்த நாள்’ பொத்தான்

எல்லோரும் இடறும் இடம் இது. லிஸ்ட்டை இடமிருந்து வலமாகப் பார்த்து அங்கேயே மாற்றிக்கொண்டு போனால், இப்போதுதான் 1 ஆன மூன்றாவது மாடு அடுத்த நொடியே நான்காவதுக்குத் தொற்றவைக்கும். ஒரே நாளில் கொட்டகையே படுத்துவிடும். அதனால் ‘நாளை’ என்று இன்னொரு காலி லிஸ்ட் வையுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும்:

- எண் 0-க்கு மேல் இருந்தால், ஒன்று கூட்டி ‘நாளை’யில் சேர்க்கவும்.
- 0-ஆக இருந்து, பக்கத்து மாட்டின் எண் 0-க்கு மேல் இருந்து, 1–3 ரேண்டம் எண்ணும் 1 ஆக வந்தால், 1 சேர்க்கவும்.
- இல்லையென்றால் பழைய எண்ணே.

பத்தும் முடிந்த பிறகு ‘நாளை’யை அப்படியே ‘மாடு’க்கு மாற்றிவிட்டு, ‘நாளை’யைக் காலி செய்யுங்கள். (பதினோராவது மாடு இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஸ்கிராட்ச் அதை வெற்றிடமாக எடுத்துக்கொள்ளும்.)

படி 5: படம்

ஒரு மாட்டு ஸ்பிரைட் (திரையில் நகரும் பொம்மை), அதன் நகலாகப் பத்து க்ளோன். ஒவ்வொன்றின் வரிசை எண்ணை வைக்கும் வேரியபிளுக்கு ‘இந்த ஸ்பிரைட்டுக்கு மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறந்தால் பத்து மாடும் ஒரே மாட்டின் எண்ணைக் காட்டும். உடை, அதாவது ஸ்பிரைட்டின் தோற்றம், இரண்டு போதும்: சாதாரண மாடு, எச்சில் ஒழுகும் மாடு. 1 முதல் 3 வரை உள்ளதற்கு லேசாகச் சிவந்த கண் வரையக் கை துறுதுறுக்கும். வரையாதீர்கள், கேமே போய்விடும்.

படி 6: ஆடுபவருக்கு ஒரு வேலை

நாளுக்கு ஒரே ஊசி. சொடுக்கிய மாடு 0 என்றால் -1 ஆகும். ஏற்கெனவே தொற்றியிருந்தால் எண் மாறாது, ஊசி மட்டும் தீரும். நிஜத்தில் தடுப்பூசி வேலை செய்யச் சில நாள் ஆகும். அதை அடுத்த பதிப்பில் சேருங்கள். விதிகளை ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

படி 7: ஆடவிட்டுப் பாருங்கள்

கேமைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். கூடவே ஒரு குறும்பு: ஐந்தாவது இடத்தில் மாட்டுக்குப் பதில் குதிரையை நிறுத்தி, தொடக்கத்திலேயே -1 கொடுங்கள். அதன் குளம்பு பிளந்ததில்லை, கோமாரி வராது. நிச்சயம் யாராவது அதற்கும் ஓர் ஊசியைச் செலவழித்துவிட்டு, “ஏன் ஒண்ணுமே மாறல?” என்று உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.