ஆல்கஹாலிலிருந்து ஆல்கீன்: நீர்நீக்க வினையை எழுதும்போது எங்கே நிற்க வேண்டும்?

ஆல்கஹாலை அமிலத்தோடு சூடாக்கினால் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீன் கிடைக்கும். இந்த வரி வேதியியல் படிக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் கிளைகள் உள்ள ஓர் ஆல்கஹாலைக் கொடுத்து முதன்மை விளைபொருள் எது என்று கேட்டால், பலரும் ஹைட்ராக்சில் (OH தொகுதி) இருந்த கார்பனிலேயே இரட்டைப் பிணைப்பைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் ஓரிடத்தில் நின்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

பென்சில், அழிப்பான், கோடு போடாத தாள் போதும். மூலக்கூறு வரையும் மென்பொருள் இப்போதைக்கு வேண்டாம். ஹைட்ரஜன்களை அதுவே நிரப்பிவிடும், நமக்குக் கை பழகாது. கார்பன்களுக்கு எண் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: புரோட்டானேற்றம்

ஆக்சிஜனில் உள்ள தனித்த எலக்ட்ரான் இரட்டை, அமிலத்தின் புரோட்டானைப் பிடிக்கிறது. வளைவு அம்புக்குறி ஆக்சிஜனில் தொடங்கி ஹைட்ரஜனில் முடிய வேண்டும். அம்பு எலக்ட்ரானின் பாதையைத்தான் காட்டுகிறது. ஹைட்ராக்சைடு வலிமையான காரம், தானாகக் கழன்று போகாது. புரோட்டான் ஏறிவிட்டால் அது நீராகப் பிரிந்து போகலாம். அமிலம் தேவைப்படுவது இதற்காகத்தான்.

படி 2: நீர் வெளியேறுகிறது

கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு உடைந்து, இரண்டு எலக்ட்ரான்களும் ஆக்சிஜனோடு போகின்றன. மிஞ்சுவது கார்பன் நேரயனி, அதாவது ஒரு கார்பனில் நேர்மின்சுமை உள்ள அயனி. இதுதான் மெதுவான படி. நேரயனி எவ்வளவு நிலைப்புத்தன்மை உடையதோ அவ்வளவு சுலபமாக வினை நடக்கும். பாடப்புத்தகங்கள் தரும் நிபந்தனைகளிலேயே இது தெரியும்: மூவிணைய (OH உள்ள கார்பனோடு மூன்று கார்பன்கள் இணைந்த) பியூட்டைல் ஆல்கஹாலுக்கு 20% பாஸ்பாரிக் அமிலமும் 85 டிகிரி செல்சியஸும் போதும். ஈரிணைய (இரண்டு கார்பன்கள் இணைந்த) புரோப்பேன்-2-ஆலுக்கு 85% அமிலமும் ஏறத்தாழ 167 டிகிரியும் வேண்டும். ஓரிணைய (ஒரே கார்பன் இணைந்த) எத்தனாலுக்கு அடர் கந்தக அமிலமும் 170 டிகிரியும். எத்தனாலை 140 டிகிரியிலேயே வைத்திருந்தால் ஈத்தீனுக்குப் பதிலாக டைஎத்தில் ஈதர்தான் முதன்மையாக வரும்.

ஓரிணைய ஆல்கஹால்களில் நேரயனி தனித்து நிற்பதில்லை. அங்கே நீர் போவதும் பக்கத்து ஹைட்ரஜன் போவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

படி 3: பென்சிலைக் கீழே வையுங்கள்

எனக்குப் பிடிபட அதிக நேரம் எடுத்த படி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நேரயனியை வரைந்தவுடன் இரட்டைப் பிணைப்பைப் போடாதீர்கள். முதலில் பக்கத்துக் கார்பனைப் பாருங்கள். அங்கிருந்து ஒரு ஹைட்ரைடோ (பிணைப்பு எலக்ட்ரான்கள் இரண்டோடும் நகரும் ஹைட்ரஜன்) மெத்தில் தொகுதியோ இந்தப் பக்கம் நகர்ந்தால், மின்சுமை இன்னும் நிலையான இடத்துக்குப் போகுமா? போகும் என்றால் அது நகரும்.

3,3-டைமெத்தில்பியூட்டேன்-2-ஆலை எடுத்துக்கொள்வோம். நீர் போனதும் நேர்மின்சுமை 2-ஆம் கார்பனில், அதாவது ஈரிணைய நேரயனி. பக்கத்தில் உள்ள 3-ஆம் கார்பனில் ஒரு ஹைட்ரஜன்கூட இல்லை, மூன்று மெத்தில்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தன் பிணைப்பு எலக்ட்ரான்களையும் எடுத்துக்கொண்டு 2-ஆம் கார்பனுக்குத் தாவுகிறது. உடனே மின்சுமை 3-ஆம் கார்பனுக்குப் போய், அது மூவிணைய நேரயனியாகிவிடுகிறது. அம்புக்குறியை இங்கே பிணைப்பின் நடுவிலிருந்து தொடங்குங்கள், மெத்திலின் கார்பனிலிருந்து அல்ல.

இப்போது 2-ஆம் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் போனால் 2,3-டைமெத்தில்பியூட்-2-ஈன். இதுதான் முதன்மை விளைபொருள். மெத்தில் தாவாமல் கிடைக்கும் 3,3-டைமெத்தில்பியூட்-1-ஈன் மிகக் குறைவு. முடித்தபின் அணுக்களை எண்ணிப் பாருங்கள்: தொடங்கியபோது 6 கார்பன், 14 ஹைட்ரஜன், முடிவில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன். கார்பன் குறைந்திருந்தால், தாவிய மெத்திலை எங்கோ விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

படி 4: ஹைட்ரஜனை நீக்குதல்

நீரோ இன்னோர் ஆல்கஹால் மூலக்கூறோ வந்து, மின்சுமைக்குப் பக்கத்துக் கார்பனிலிருந்து புரோட்டானை எடுத்துக்கொள்ளும். அமிலம் திரும்பக் கிடைத்துவிடுகிறது, ஆகவே அது வினையூக்கி. எந்தப் பக்கத்து ஹைட்ரஜன்? செயிட்செஃப் விதிப்படி, இரட்டைப் பிணைப்பில் அதிக கார்பன் தொகுதிகள் அமையும் பக்கம்.

ஆய்வகத்தில்

சைக்ளோஹெக்சனாலில் தொடங்குவது நல்லது; வளையம் சமச்சீரானது, எந்தப் பக்கம் ஹைட்ரஜன் போனாலும் ஒரே விளைபொருள். அமிலத்தில் என் ஓட்டு 85% பாஸ்பாரிக் அமிலத்துக்குத்தான். அடர் கந்தக அமிலம் ஆக்சிஜனேற்றமும் செய்யும், குடுவையில் கரி படியும், கந்தக டைஆக்சைடு வேறு கிளம்பும்.

இது மீள்வினை என்பதை மறக்கக் கூடாது. நீரும் ஆல்கீனும் குடுவையிலேயே இருந்தால் மறுபடி ஆல்கஹாலாகும். அதனால் உருவாக உருவாகக் காய்ச்சி வடித்து எடுத்துவிட வேண்டும். சைக்ளோஹெக்சீன் 83 டிகிரியிலும் சைக்ளோஹெக்சனால் 161 டிகிரியிலும் கொதிக்கும். ஆனால் வெப்பமானியில் முதலில் 71 டிகிரி அளவில் காட்டினால் பயப்படாதீர்கள்: நீரும் சைக்ளோஹெக்சீனும் சேர்ந்து அந்த வெப்பநிலையில்தான் வடியும். வடிந்த திரவம் கலங்கலாக இருக்கும். சற்று நேரத்தில் இரண்டு அடுக்காகப் பிரியும், மேலே நிற்பது சைக்ளோஹெக்சீன். சோடியம் கார்பனேட் கரைசலால் கழுவி, நீரற்ற கால்சியம் குளோரைடு போட்டு, கலங்கல் தெளியும்வரை வையுங்கள். எளிதில் தீப்பற்றும் பொருள். பக்கத்தில் சுடர் கூடாது, வாங்கும் குடுவை பனிக்கட்டியில் இருக்கட்டும். அப்புறம் புரோமின் நீரில் சில துளி விட்டுக் குலுக்குங்கள், நிறம் போய்விடும்.

பின்சேர்க்கை

ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வலிமையான அமிலம்தானே, அதைப் போட்டால் என்ன என்று கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி, நான் எழுத விட்ட விஷயம். குளோரைடு நல்ல கருக்கவர் பொருள், அதாவது நேர்மின்சுமை உள்ள இடத்துக்குத் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துப் பிணையும். அது நேரயனியோடு சேர்ந்து அல்கைல் குளோரைடைத் தந்துவிடும். பாஸ்பாரிக், கந்தக அமிலங்களிலிருந்து வரும் பாஸ்பேட், பைசல்பேட் அயனிகளுக்கு அந்த ஆர்வம் மிகக் குறைவு.

பயிற்சி கேட்டவர்களுக்கு: 3-மெத்தில்பியூட்டேன்-2-ஆலைப் போட்டுப் பாருங்கள். ஹைட்ரைடு நகர்ந்தாலும் நகராவிட்டாலும் முதன்மை விளைபொருள் 2-மெத்தில்பியூட்-2-ஈன்தான். ஆகவே விடை சரி என்பதால் வழியும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. கூடவே சிறிதளவு வரும் 2-மெத்தில்பியூட்-1-ஈனைக் கவனியுங்கள். மூவிணைய நேரயனி வழியாக மட்டுமே அது கிடைக்கும். உங்கள் தாளில் அது வரவில்லை என்றால், 3-ஆம் படியில் நிற்காமல் போயிருக்கிறீர்கள்.